வால் பிளந்த கருடன்

பொன்னியின் கோழிக்கறிக் கடைக்குத் தரையில் இருந்த வாடிக்கையாளர்களைவிட வானத்தில் இருந்தவர்கள் அதிகம். காலையில் ஷட்டரைத் தூக்கி, புளியமரக் கட்டையை வாசலுக்கு உருட்டி வந்து, வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் ஓங்கித் தட்டுவாள். டொக், டொக், டொக். கூரத்து வயல்மேல் திரிந்த பருந்தும், ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு மேலே வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த பருந்தும் அந்தச் சத்தம் கேட்டதும் நாவல்தாங்கல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிடும். குடலும் தோலுமாக அவள் அள்ளி வீசுவதில் ஒரு துண்டைக்கூட அவை தரையில் விழ விட்டதில்லை. ஒருமுறை அவள் கணவர் டேனியல் குடலோடு சேர்த்துத் தன் கைக்கடிகாரத்தையும் வீசிவிட்டார். மறுநாள் அது கூரைமேல் கிடந்தது. ஓடிக்கொண்டுதான் கிடந்தது, அதுவரை பத்து நிமிஷம் பின்னால் ஓடியது அன்றிலிருந்து சரியாக ஓடுகிறது என்று டேனியல் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

பொன்னி பிறந்தது கறி வெட்டும் குடும்பத்தில் அல்ல. நெல் விளைவித்த குடும்பம். அப்பா சிறுவயதிலேயே போய்விட, சித்தப்பா வீராசாமிதான் வளர்த்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டுக்குக் கோர்வை போடப் போனாள். பட்டுப்புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெசவாளி உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்தவர் கரைக்கு வேறு நிற நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் இழைக்குள் இழை மாட்டிக்கொள்ளும். புடவை கிழிந்தாலும் கோர்வை விடாது. அதைத்தான் பொன்னி ஆறு வருஷம் போட்டாள்.

தறிக்குப் போக ஷேர் ஆட்டோ. ஆட்டோ டேனியலுடையது. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஐயம்பேட்டையில் ஏறிச் சின்ன காஞ்சிபுரத்தில் இறங்க வேண்டிய பொன்னி, ஒருநாள் இறங்கவேயில்லை. அவ்வளவுதான் அவர்கள் கல்யாணக் கதை.

வீராசாமி அடிக்கவில்லை, வெட்டவில்லை. பேச்சை நிறுத்தினார். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இருந்தால், பொன்னி எதிரிலேயே நின்றாலும், பக்கத்தில் இருக்கிற தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொல்வார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கம்பம் வாங்கிய திட்டுக்கு அது துருப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

இரண்டு பக்கத்திலும் இடமில்லாத ஜோடி இரண்டுக்கும் நடுவில், ஏரிக்கரையில், பெருமாள் கோயிலுக்குப் பின்புறம் இருந்த பஞ்சாயத்துக் கடையை எடுத்துக் கோழிக்கடை போட்டது. ஊரே வாங்கியது. வீராசாமி வீட்டிலும் ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதித்தது. அது எந்தக் கடைக் கறி என்று அவர் கேட்டதில்லை. அவர் மனைவி தேவகி சொன்னதுமில்லை.

கடை இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் மேலே ஒரு கல்யாணம் நடந்தது.

வட்டமிடுகிறவற்றில் இரண்டு சாதி உண்டு. மங்கின தவிட்டு நிறம், நடுவில் பிளந்த வால் என்றால் அது சாதாரணப் பருந்து. ஊர்ப் பேச்சில் பிராந்து. தலையும் மார்பும் வெள்ளை, மேனி காவிச் சிவப்பு, வால் முனை வட்டம் என்றால் அது செம்பருந்து. அதைத்தான் ஊர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே வானத்தில் சுற்றினாலும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கருடன் ஏரியில் பிடித்த கெளுத்தியைத் தான் தின்னாமல் கொண்டுபோய் ஒரு பிராந்துப் பெண்ணின் பக்கத்தில் வைத்தது. அவள் மறுநாள் பொன்னி வீசிய ஈரலைப் பதில் மரியாதையாகக் கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டு மரத்திலும் பெண் வீட்டு மரத்திலும் இடம் கிடைக்கவில்லை போலும். ஏரிக்கு அக்கரையில் செல்போன் டவர் உச்சியில் குச்சி அடுக்கிக் குடித்தனம் வைத்தன. கூட்டுக்குள் மெத்தைக்குக் கந்தல் துணி. கூடவே தறி வீட்டுக் குப்பையில் பொறுக்கிய ஜரிகைத் துண்டு ஒன்று. வெயில் பட்டால் காஞ்சிபுரம் வரை மின்னியது என்று டேனியல் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

குஞ்சு பறக்க ஆரம்பித்த அன்று பொன்னியின் மகள் திரிஷா கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். விலங்கியல் படிக்கிறவள். செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“ம்மா, இது ஹைப்ரிட்மா! ரெண்டும் வேற வேற இனம். கூண்டுல அடைச்சு யாரும் சேத்து வெக்கல. காட்டுப் பறவைங்க தானா ஜோடி சேந்து குஞ்சு பொரிச்சிருக்குது. இயற்கையில எப்பவோ ஒரு தபா நடக்கும்.”

“இன்னாடி பெரிய அதிசயம்? நம்ம வூட்லயும் ஒண்ணு கீதே, காலேஜுக்குப் போயிக்கினு.”

“ஐயோ ம்மா, அது வேற. நீயும் நைனாவும் ஒரே இனம். மனுஷங்க எல்லாருமே ஒரே இனந்தான்.”

“அத என்கிட்ட ஏன் சொல்ற? உன் சின்ன தாத்தாகிட்ட சொல்லு.”

“அவருகிட்ட எப்படிச் சொல்றது? கம்பத்துகிட்டதான் சொல்லணும்.”

குஞ்சு வளர்ந்தது. தலை வெள்ளைதான், ஆனால் தவிட்டுக் கோடு ஓடியது. மேனி சிவப்புதான், கொஞ்சம் புகை படிந்த சிவப்பு. வால் வட்டமாக முடிய நினைத்து, கடைசி நேரத்தில் மனசு மாறி நடுவில் லேசாகப் பிளந்திருந்தது. குரலோ கருடன் மாதிரி பூனைக்குட்டியாய் ஆரம்பித்துப் பிராந்து மாதிரி குதிரைக் கனைப்பாய் முடியும். பொன்னி அதற்குக் கோர்வை என்று பேர் வைத்தாள். கட்டையைத் தட்டினால் முதலில் வருவதும், நேரே தலைக்குமேல் வந்து தாழ்வாக வட்டம் போடுவதும் அதுதான்.

போன வருஷம் ஏரிக்கரைப் பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று முடிவாயிற்று. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருகிற வேணுகோபால் பட்டர், பெருமாள் கோயிலில் அதைச் சம்ப்ரோட்சணம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்திப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை. விழாக்குழுத் தலைவர் வீராசாமி. பஞ்சாயத்துத் தலைவரும் அவரே. கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்து, முழுசாக உலர்ந்ததா என்று அவர் வெள்ளைச் சட்டையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கோர்வை ஒரு குடலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனது. பிடி நழுவியது. பாதி துவாரபாலகர் தோளில் விழுந்தது. மீதி எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் குழுவோடு கடைக்கு முன்னால் வந்து நின்று கம்பத்தைப் பார்த்தார்.

“பந்தக்கால் நட்டாச்சு. நாளையிலேர்ந்து ஊருக்குள்ள கறி வெட்டக் கூடாது. கும்பாபிஷேகம் முடிஞ்ச கையோட இந்தக் கடைய இடிச்சுட்டு, இங்க செருப்பு வுடற கொட்டா வருது. சம்மந்தப்பட்டவங்க சாமானத் தூக்கிக்கினு ஹைவே பக்கம் போய்க்கலாம்.”

பொன்னி கத்தியைக் கழுவி வைத்தாள். அவளும் கம்பத்தைப் பார்த்தே பேசினாள்.

“ஏம்பா கம்பம், மூடறது சாமிக்கு. மூடறேன். இடிக்கறது யாருக்கு?”

“அந்தக் கலப்புப் பிராந்து கோபுரத்த அசிங்கம் பண்ணுது. தல ஒரு கலரு, வால் ஒரு தினுசு. அதெல்லாம் ஊருக்கு ஆவாது.”

“கோபுரத்துமேல கம்மிதான் தலைவரே,” என்றார் டேனியல் பணிவாக. “உங்க சட்டமேலதான் ஜாஸ்தி.”

குழுவில் இரண்டு பேர் இருமலை அடக்கினார்கள். வீராசாமி போய்விட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். கடை பஞ்சாயத்தினுடையது. உரிமத்தைப் புதுப்பிப்பதும் விடுவதும் அவர் கையில். ஹைவே ஓரத்தில் ஏற்கெனவே கண்ணாடி போட்ட கோழிக்கடைகள் வரிசை கட்டி நின்றன. அங்கே போய்ப் புதுசாக நிற்க டேனியலின் முட்டி இடம் கொடுக்காது. திரிஷாவின் படிப்பு, வீட்டு அடுப்பு, அந்த ஏரிக்கரையில் தலை நிமிர்ந்து நிற்கிற மானம் எல்லாமே அந்த ஒரு ஷட்டருக்குப் பின்னால்தான் இருந்தது. பொன்னி ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் இரண்டு மூன்று நாள் பருந்துகள் வந்து, சுற்றி, திட்டிவிட்டுப் போயின. அப்புறம் ஒவ்வொன்றாகக் காஞ்சிபுரம் மீன் மார்க்கெட் பக்கம் ஜாகையை மாற்றிக்கொண்டன. கருட ஜாதியும் சேர்ந்தே போனது. சாப்பாடு விஷயத்தில் அவற்றுக்குள் பேதமில்லை. கோர்வை மட்டும் பிறந்த டவரை விட்டுப் போகவில்லை. ஏரி மீனைத் தின்றுகொண்டு, அதிர்வேட்டுச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உச்சிக் கம்பியில் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கும்பாபிஷேக நாள் வந்தது. சுற்று வட்டாரமே ஏரிக்கரையில் குழுமியிருந்தது. யாகசாலையிலிருந்து தீர்த்தக் குடங்கள் சாரம் ஏறின. உச்சியில் கலசத்துக்குப் பக்கத்தில் பட்டர். அவருக்குப் பக்கத்தில் மாலையும் மைக்குமாக வீராசாமி. ஐயம்பேட்டைச் சாலை வரை குழாய் ஸ்பீக்கர். பட்டர் குடத்தைத் தூக்கினார், அண்ணாந்தார், அப்படியே நின்றார்.

கருடன் வந்து கோபுரத்தை வட்டமிட்டால்தான் தீர்த்தம் ஊற்றுவது. அதுதான் வழக்கம். எந்த ஊரிலும் வந்துவிடும். நாவல்தாங்கலில் கேட்கவே வேண்டாம், நாள் பூராவும் பத்துப் பதினைந்து சுற்றுகிற ஊர். அதனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு காக்கை இல்லை.

பூட்டின கடை வாசலில் நின்றிருந்த பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இன்னா சிரிக்கிற?” என்றார் டேனியல்.

“சித்தப்பா கடைய மூடலய்யா. வானத்த மூடிட்டாரு.”

மேலே பரபரப்பு. நாதஸ்வரம் உச்சஸ்தாயிக்குப் போனது. சங்கு ஊதினார்கள். கூட்டம் கோவிந்தா போட்டது. யாரோ யூடியூபில் கருடன் கத்துவதைத் தேடி எடுத்து மைக்கில் பிடித்தார்கள். ஊரில் இருந்த நாட்டுக்கோழிகள் எல்லாம் குஞ்சுகளோடு கூடைக்கடியில் ஓடி ஒளிந்தனவே தவிர வானத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பூத்தூவ வாடகைக்கு வந்திருந்த டிரோன்கார தனுஷ், “சார், டிரோன்ல கருடன் படத்த ஒட்டி மூணு ரவுண்டு வுடட்டா?” என்று கேட்டுப் பார்த்தான்.

“அதுக்கு உசிர் இருக்காடா?” என்றார் பட்டர். “வீராசாமி, முகூர்த்தம் போயிண்டிருக்கு. கை வேற வலிக்கறது. இன்னும் கொஞ்ச நாழிதான், ஆமாம்.”

முகூர்த்தம் தவறினால் அத்தனை யாகமும் வீண். வீராசாமி முகத்தில் வேர்வை மாலையையும் தாண்டி ஓடியது. அப்போது கீழே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. தேவகி.

“ஏங்க! பொன்னி கட்டையத் தட்டுனா வரும்ங்க! மொதல்ல அந்தப் பிள்ளையக் கூப்புடுங்க!”

“உனக்கெப்படித் தெரியும்?” என்று வீராசாமி கேட்டார். மைக் வாய்க்கு நேராக இருப்பதை மறந்து கேட்டார்.

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீங்க ரெண்டு தபா சோறு வாங்கித் துன்றீங்களே, அந்தக் கறி எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க? நான்தான் போய் நிக்கறேன். கண்ணால பாத்துக்கினு இருக்கறேன்!”

கூட்டம் சிரித்தது. பெருமாளும் உள்ளே சிரித்திருப்பார்.

தேவகி காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடை வாசலுக்கு ஓடி வந்தாள். “வாடி பொன்னி, தட்டுடி. கறி கிறி எதுவும் வேணாம், சும்மா சத்தம் மட்டும்.”

“தட்டறேன் சித்தி. கட்ட உள்ள கீது. கடையத் தொறக்கணுமே.”

“தொறயேன்!”

“மூடச் சொன்னவரு தொறக்கச் சொல்லட்டும். மைக்ல. கம்பத்துகிட்ட இல்ல, என் பேரச் சொல்லி.”

செய்தி மூச்சிரைக்கச் சாரம் ஏறியது. வீராசாமி தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு ஐயம்பேட்டைச் சாலை வரை கேட்டது.

“ஏரிக்கர... ஏரிக்கர கடைக்காரங்க யாராவது இருந்தா...”

பொன்னி நகரவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது.

வீராசாமி வழக்கம்போல ஒரு கம்பத்தைத் தேடிக் கண்ணை ஓட்டினார். அத்தனை உயரத்தில் கம்பம் ஏது? எந்தப் பக்கம் திரும்பினாலும் காலி வானம். கீழே கடை வாசலில் பொன்னி. அவர் தோளில் உட்கார்ந்து இதே கோயில் தேரைப் பார்த்தவள்.

“பொன்னி,” என்றார். “பொன்னிம்மா. கடையத் தொற.”

ஊர் மொத்தமும் மூச்சு விடாமல் பார்த்தது. பொன்னி அவசரப்படவில்லை. பூட்டைத் திறந்தாள். ஷட்டர் கர்ரென்று ஏறியது. டேனியல் முட்டி வலியை மறந்து கட்டையை உருட்டி வந்தார். தேவகி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். பொன்னி கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினாள்.

டொக், டொக், டொக்.

ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். டவர் உச்சியில் இருந்த உருவம் அசையவில்லை. பொன்னி டவரையே பார்த்தாள். ஒரு மாதத்துக்கும் மேலே பட்டினி போட்டவளை அது ஏன் மதிக்க வேண்டும்? திறந்த ஷட்டர் அவளுக்குப் பின்னால் இருந்தது. கோர்வை வராவிட்டால் நாளைக்கே இந்தக் கடை செருப்புக் கொட்டகை. “வாடா என் ராஜா,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை இறக்கினாள். கட்டை அதிர்ந்ததில் ஏரித் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது.

டவரிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது. பூனைக்குட்டியாய் ஆரம்பித்துக் குதிரையாய் முடிந்தது.

கோர்வை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு மேலே ஏறியது. தன் வழியில் ஏதோ ஒன்று நாலு விசிறியோடு ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தது. தனுஷின் டிரோன். பூக்கூடையைத் திறக்கும் விசை மாட்டிக்கொண்டு அவன் கீழே தவித்துக்கொண்டிருந்தான். கோர்வைக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு காலையும் நீட்டி ஒரே அறை. கூடை பிளந்தது. அத்தனை ரோஜா இதழும் கலசத்தின்மேலும், பட்டர்மேலும், வாயைத் திறந்துகொண்டிருந்த வீராசாமிமேலும் கொட்டியது. டிரோன் ஏரியில் விழுந்து தீர்த்தமாடியது. கோர்வை கோபுரத்தைச் சுற்றி அகலமாக, அழகாக, ஒரு வட்டம் போட்டது.

“கருடன்!” என்று பாதிக் கூட்டம் கத்தியது.

“இல்லபா, வாலப் பாரு, பிராந்து!” என்று மீதி கத்தியது.

எல்லாத் தலையும் பட்டர் பக்கம் திரும்பியது. பட்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

“சிரசு வெளுப்பு. மார் வெளுப்பு. மேனி செவப்பு. லட்சணம் பொருந்தியிருக்கு. வால் எப்படி இருக்கணும்னு என் தோப்பனார் எனக்குச் சொல்லித் தரலை. வீராசாமி, உமக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?”

இதழ்களை வாயிலிருந்து துப்பிவிட்டு, வீராசாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். கலப்பு என்று எதைச் சொன்னாரோ அதைப் பார்த்துக் கும்பிட்டார். “கோவிந்தா!” என்று அவர் போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கர் ஒன்று கிழிந்தே போனது. “கோவிந்தா!” என்றது ஊர். டேனியலும் சேர்ந்து போட்டார். பட்டர் குடத்தைச் சாய்த்தார். கலசத்தில் வழிந்த தண்ணீர் வெயிலில் பொன்னாக இறங்கியது. பொன்னி கத்தியைக் கட்டையின்மேல் வைத்துவிட்டு, அண்ணாந்து, மேலே தெளித்த சொட்டுகளை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

மைக்கில் திறக்கச் சொன்ன கடையை அதற்கப்புறம் யார் மூடுவது? உரிமம் அந்த வாரமே புதுப்பித்து வந்தது. செருப்புக் கொட்டகை கோயிலுக்கு முன்புறம் வந்தது, வீராசாமியின் கார் நிற்கிற இடத்தில்.

அடுத்த ஞாயிறு கடையில் கூட்டம். வரிசையில் தேவகி இல்லை. தூக்குப் பையோடு வீராசாமி நின்றார். அவர் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் கண் கம்பத்துக்குப் போனது.

“சித்தப்பா,” என்றாள் பொன்னி, “கம்பம் கறி வெட்டாது. இங்க பாத்து கேளுங்க. தோலோடவா, உரிச்சா?”

“உரிச்சே குடும்மா,” என்றார் வீராசாமி. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “அவனுக்கு மொதல்ல போடு. நான் நிக்கறேன்,” என்று மேலே கை காட்டினார்.

இப்போதெல்லாம் சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் விழாக்குழுக்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், பத்திரிகையோடு ஏரிக்கரைக்கு வருகிறார்கள். தாம்பாளத்தை வைக்க வேறு இடமில்லாததால் புளியமரக் கட்டையின்மேல்தான் வைக்கிறார்கள். கும்பாபிஷேகத்தன்று கட்டையோடு பொன்னியும் டேனியலும் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். கோர்வை பின்னாலேயே வந்துவிடும். தேதி கேட்டு வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, யார் முதலில் என்று அதிகாரம் பண்ணுவது வீராசாமி. “எங்க பொன்னிகிட்ட கேக்காம ஒண்ணும் சொல்ல முடியாதுபா” என்று அவர் சொல்லும்போது பார்க்க வேண்டும்.

இந்தப் பங்குனியில் கோர்வை டவர் உச்சிக்குக் குச்சி தூக்க ஆரம்பித்திருக்கிறது. கூட ஒன்று வருகிறது. அது கருடனா பிராந்தா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. தெரிந்த ஒரே ஆள் பொன்னிதான். கேட்டால், “பொண்ணு நல்லா மீன் புடிக்குது,” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.